காலுக்குத் தெரிந்த இடம்

அத்தையின் அடுப்படியில் டப்பாக்கள் எல்லாம் தலையில்லாமல் நின்றன. சர்க்கரை டப்பாவின் மேல் ஒரு கிண்ணம் கவிழ்ந்திருந்தது. உப்புக்கு ஒரு காலண்டர் அட்டை. மிளகாய்த்தூளுக்கு அதுவும் கொடுத்துவைக்கவில்லை, பாலிதீன் பையும் ரப்பர் பேண்டும்தான். காபித்தூள் டப்பா மட்டும் மூடியோடு கௌரவமாக வாழ்ந்தது. அதுவும் அத்தை அதைத் தன் துணி அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்ததால்.

மூடிகள் எங்கே போயின என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. மருமகள் சினிமாவில் கேமரா அசிஸ்டெண்ட். நடிகர் நடக்க நடக்க, லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சக்கரத்தை அவள் திருகிக்கொண்டே வர வேண்டும். அப்போதுதான் அவர் முகம் தெளிவாக இருக்கும். ஜன்னலருகே நின்றால் இவ்வளவு, மேஜையருகே நின்றால் இவ்வளவு என்று அந்தச் சக்கரத்தில் மாட்டிய வெள்ளை வளையத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வாள். கடையில் அந்த வளையத்துக்குச் சொன்ன விலையைக் கேட்டவள் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, ஐஸ்கிரீம் டப்பா மூடியைக் கத்தரித்து மாட்டிப் பார்த்தாள். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்துகொண்டது. ஈரத்துணியால் துடைத்தால் கோடு போய்விடும், மறுநாள் புதுக் கோடு. அன்றைக்குப் பிடித்த சனி இன்னும் விடவில்லை என்பாள் அத்தை.

செட்டில் அவளுக்கு டப்பா என்றே பெயர் விழுந்துவிட்டது. அப்பா அம்மா வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் உயிரோடு இருந்தது.

டப்பாவிடம் இருந்த எதுவும் பிறந்தபோது சினிமாவுக்கென்று பிறந்தது இல்லை. லென்ஸ் பெட்டிகளைத் தள்ளிப்போகும் வண்டி, யாரோ வேண்டாம் என்று வாசலில் விட்டிருந்த குழந்தைத் தள்ளுவண்டி. வெயிலில் மானிட்டருக்கு நிழல் தருவது கம்பி முறிந்த கறுப்புக் குடை. லென்ஸின் தூசி தட்டுவது கன்னத்துக்குப் பூச்சுப் பூசும் பிரஷ். சட்டை ஓரமெல்லாம் துணி காயப்போடும் கிளிப்புகள், தூரத்தில் இருந்து பார்த்தால் அவளைத்தான் யாரோ துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்கள் என்று தோன்றும். இடுப்பில் கட்டும் பை மட்டும் புதிதாகச் செய்தது, அதைத் தைத்தவன் அவள் கணவன். வண்டிகளுக்கு சீட் கவர் தைப்பது அவன் தொழில். கார் சீட்டில் மிஞ்சிய ரெக்ஸினில் அவன் தைத்த அந்தப் பையில், அவள் கேட்டதைவிட நிறைய அறைகள் இருந்தன. "இது எதுக்கு?" என்று ஒரு குட்டி அறையைக் காட்டிக் கேட்டாள். "பசிச்சா ஒரு மிட்டாய் போட்டுக்கறதுக்கு" என்றான். அது இன்றுவரை மிட்டாய் அறைதான்.

தூரம் அளக்கும் டேப்பின் முனையில் இருந்த தகரத்தைக்கூட அவன்தான் பிய்த்துவிட்டு, ஒரு துண்டு தோலைத் தைத்துக் கொடுத்தான். நடிகர்களின் கண் பக்கத்தில் கொண்டுபோய் அளக்கிற சாமான், குத்திவிட்டால் என்ன ஆகும் என்பது அவன் கவலை. அவன் ஷூட்டிங் பார்த்ததே இல்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் சொல்வதை வைத்து மனதுக்குள் ஒரு செட் போட்டு வைத்திருந்தான். அந்த செட்டில் எல்லோரும் எல்லோர் கண்ணையும் குத்திக்கொண்டே இருந்தார்கள்.

இத்தனை நாள் கிளாப் அடித்து, பேட்டரி மாற்றி, பெட்டி தூக்கி, இந்தப் படத்தில்தான் முதன்முதலாக சக்கரம் அவள் கைக்கு வந்திருந்தது. சின்னப் படம். ஒரே வீடு, ஒரு கிழவர், அவரிடம் கோபித்துக்கொண்டு போய்விட்ட மகள். சக்கரத்தைத் தள்ளி நின்றே திருகும் புதுக் கருவிகளுக்கெல்லாம் இங்கே வழியில்லை, கையால்தான். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. இருட்டில் கதவுக் குமிழைத் தேடிப் பிடிப்பதுபோல, விரலுக்கும் முகத்துக்கும் நடுவே ஒரு நூல் ஓடுவதை அவள் ரசித்தாள்.

ஆனால் நூல் அறுந்துகொண்டே இருந்தது.

"சாஃப்ட்" என்றார் டைரக்டர், மானிட்டரில் இருந்து கண்ணை எடுக்காமல். முகம் மங்கலாக இருந்தால் செட்டில் அப்படித்தான் சொல்வார்கள். கேட்க மெத்தென்று இருக்கும், காதில் விழும்போது ஈயம்.

"இன்னொரு டேக் போலாம் சார்" என்றார் கேமராமேன்.

"இதோட எத்தனை இன்னொண்ணு? டப்பா, கண்ணத் தொறந்துதான் வெச்சிருக்கியா?"

"தொறந்துதான் சார் இருக்கு."

"அப்ப லென்ஸ் தூங்குதா?"

நாலு பேர் சிரித்தார்கள். டப்பாவும் சிரித்துவைத்தாள். வேறென்ன செய்வது.

காட்சி எளிமையானதுதான். கிழவராக நடிக்கும் பெரியவர் ஜன்னலில் இருந்து நடந்து வந்து, மேஜையருகே நின்று, மகள் முன்பு உட்கார்ந்த காலி நாற்காலியைப் பார்த்துப் பேச வேண்டும். அவர் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் ஒரு துண்டு டேப் ஒட்டியிருக்கும். அதுதான் மார்க். நீள லென்ஸ், கண் தெளிவாக இருந்தால் காது மங்கிவிடும். மார்க்கைவிட ஒரு கை தள்ளி நின்றாலும் போயிற்று. பெரியவர் ஒரு தடவை முன்னால் நின்றார், ஒரு தடவை தாண்டி நின்றார். ஒரு தடவை மேஜையிலேயே இடித்துக்கொண்டு, அதையும் நடிப்பாக்கிவிட்டார்.

அவரைப் பற்றி ஒரு கதை எல்லோரும் சொல்வார்கள். தரையைப் பார்க்கவே மாட்டாராம், ஆனால் நூல் பிடித்ததுபோல் மார்க்கில் வந்து நிற்பாராம். அப்படிப்பட்டவர் தவறுகிறார் என்று யாருக்குத் தோன்றும்? தவறு சக்கரத்தின் மேல்தான் விழும், சக்கரம் புதியவள் கையில் இருந்தது.

கலர் சரியில்லையோ என்று நினைத்து டப்பா பழைய டேப்பை உரித்துவிட்டு, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு டேப் ஒன்றை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள். அவர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஆரஞ்சு கலர்ல மார்க் வெக்கறேன். தெரியுதாங்கய்யா?"

அவர் மேஜைப் பக்கம் தலையைத் திருப்பினார். தரையைப் பார்த்தார். புன்னகை செய்தார்.

"பளிச்சுனு தெரியுதும்மா. நல்ல காரியம் செஞ்ச."

டேப் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

மெதுவாகப் போய் மேஜையருகே குனிந்து அதை ஒட்டினாள். எழுந்திருக்க மனம் வரவில்லை. ஷூ லேஸ் கட்டுவதுபோல் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அந்த மனிதர் இந்த அறை முழுக்க மூடுபனிக்குள் நடப்பதுபோல் நடந்துகொண்டிருக்கிறார், யாருக்கும் தெரியாமல்.

அன்று மாலை பேக்கப் சொன்ன பிறகு கேமராமேன் அவளைத் தள்ளுவண்டியருகே கூப்பிட்டார். நல்ல மனிதர். கெட்ட சேதியைச் சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இப்போது துடைத்தார்.

"டைரக்டர் வேற ஆள் பாக்கச் சொல்றார்மா. நாளைக்கு ஒரு நாள் கேட்டு வாங்கிருக்கேன். நான் எவ்வளவுதான் முட்டுக் குடுக்கறது? நாளைக்கும் சாஃப்ட்னா அப்புறம் என் கையில இல்ல. திரும்பக் கிளாப்தான்."

"சார், அது வந்து..."

"சொல்லு."

சொல்ல ஒரு வாக்கியம் போதும். அவருக்குக் கண் தெரியவில்லை சார். அவள் வேலை தப்பிவிடும். ஆனால் அந்த வாக்கியம் இந்த அறையோடு நிற்காது. டீ கிளாஸோடு வெளியே போகும், அடுத்த செட்டுக்குப் போகும், போன் போனாகத் தாவும். பெரியவரை இனி எவனும் கூப்பிடமாட்டான். கூப்பிட்டாலும் நாற்காலியில் உட்கார்த்திவைத்து, பாவம் என்று பார்ப்பான்.

"ஒண்ணுமில்ல சார். நாளைக்குச் சரி பண்ணிடறேன்."

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே அழுதாள். அழுது முடித்ததும் பசித்தது. சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"வெளிய யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது" என்றாள் கடைசியில், அத்தையைப் பார்த்து.

"எனக்கு யாரு இருக்கா சொல்றதுக்கு?" என்றாள் அத்தை. தங்கையோடு தினமும் போனில் ஒரு முழு சீரியல் நீளத்துக்குப் பேசுகிறவள் அவள். மகனும் மருமகளும் அவளையே பார்த்தார்கள். "சரி, அவகிட்டயும் சொல்லல. என்னைப் போய் இப்படிப் பாக்கறீங்களே. அந்த மனுஷன் படத்துக்கு நான் காலேஜை மட்டம் போட்டுட்டுப் போனவ."

"அப்பாவுக்குத் தெரியுமா?" என்றான் மகன்.

"அவரோடதான்டா போனேன். வாயை மூடிட்டு சாப்பிடு."

சாப்பிட்டு முடித்து சீட் கவர்காரன் கை கழுவினான். துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"கண்ணுக்குத் தெரியலைன்னா காலுக்குத் தெரியுற மாதிரி வெச்சா என்ன?"

"செருப்புப் போட்டிருப்பார். கெட்டித் தோல் செருப்பு."

"அப்ப கொஞ்சம் மேடா இருக்கணும். தடுக்கவும் கூடாது. சீட் ஓரத்துல குழல் மாதிரி உருட்டி பைப்பிங் வெச்சுத் தைப்போம்ல, உக்காரும்போது தொடைக்குத் தெரியும், கண்ணுக்குப் பெருசாத் தெரியாது. அந்த மாதிரி."

அந்த வீட்டில் அன்று ராத்திரி கூடம் காலியானது. நாற்காலிகள் சுவரோரம் போயின. முதலில் ரெக்ஸினில் ஒரு குழல் தைத்து, உள்ளே காய்ந்த பயறு போட்டு தரையில் கிடத்தினான். கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு தானே நடந்தான். கால் அதன்மேல் ஏறியதும் கீச்சென்று ஒரு சத்தம், உள்ளே பயறு நொறுங்குகிற சத்தம், பிறகு அவன் சுவரில் இடித்துக்கொண்ட சத்தம்.

"சவுண்டுக்காரர் என்னைக் கொன்னே போட்டுடுவார்" என்றாள் டப்பா.

"உன்னைக் கொல்றது இருக்கட்டும். என் பயறு" என்றாள் அத்தை.

பயறுக்குப் பதில் மணல் என்று முடிவாயிற்று. தெருமுனையில் வீடு கட்டும் இடத்தில் கேட்டு ஒரு சின்னப் பை மணல் கொண்டுவந்தான். கல் இருந்தால் நறநறக்கும் என்று டப்பா அதைச் சலித்தாள். எதில் சலிக்கிறாள் என்பதை அத்தை கவனித்துவிட்டாள்.

"அது டீ வடிகட்டிடி."

"கழுவித் தந்துடறேன் அத்தை."

"மூடியும் அப்படித்தான் தந்தே."

சால்வையோ கம்பளியோ மாதிரி ஏதாவது துணி இருந்தால் சத்தம் வராது, மரத்தரையின் பழுப்பு நிறத்தில் இருந்தால் கேமராவிலும் தெரியாது என்றான் சீட் கவர்காரன். அத்தையிடம், மறைந்த மாமா போர்த்திய பழுப்புச் சால்வை ஒன்று இருந்தது. அது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கடைசியில் பழைய டவலில் ஒரு பட்டை தைத்து மணலை நிரப்பி, விரல் தடிமனுக்குத் தட்டையாக்கிப் போட்டான். "நீ நடந்து பாரேன்மா. உன் வயசுதான் கிட்டத்தட்ட அவருக்கு."

"என் வயசா? அவருக்கு நான் பொண்ணு மாதிரி" என்று முனகிக்கொண்டே அத்தை துண்டைக் கட்டிக்கொண்டாள். ஜன்னலில் இருந்து நடந்தாள். கையை முன்னால் நீட்டக்கூடாது, நடிகர் நீட்டமாட்டார் என்று டப்பா சொன்னதால் இரண்டு கையையும் பக்கத்திலேயே இறுக்கி வைத்துக்கொண்டாள். நாலு எட்டு வைத்தாள். இந்தக் கூடத்தில் பாதி வாழ்நாளைக் கழித்தவள், ஊர் தெரியாத தெருவில் நிற்பவள்போல் நின்றுவிட்டாள். பிறகு இன்னொரு எட்டு. கால் பட்டையில் பட்டது. அவள் தோள்கள் சட்டென்று இறங்கின.

துண்டை அவிழ்க்காமலே கேட்டாள்: "அந்த மனுஷன் தினமும் இப்படித்தான் நடக்கறாரா?"

அத்தை துண்டை அவிழ்த்துவிட்டு உள்ளே போனாள். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. பழுப்புச் சால்வையோடு வந்து மகன் மடியில் போட்டாள்.

"ஓரத்துல வெட்டு. நடுவுல கை வெச்சே, அப்புறம் இருக்கு உனக்கு."

மறுநாள் காலை டப்பா எல்லோருக்கும் முன்னால் செட்டில் இருந்தாள். முதலில் அளக்கிற வேலை. ஜன்னல், மேஜை, நாற்காலி என்று தோல்முனை டேப்பைப் பிடித்துக்கொண்டு போய் மூடி வளையத்தில் கோடு போட்டாள். அப்படியே கதவையும் அளந்து ஒரு பச்சைக் கோடு போட்டாள். கதவருகே யாருக்கும் எந்த வேலையும் இல்லை. ஆனால் ஒரு அறைக்குள் நுழைந்தால் அதிலுள்ள எல்லாவற்றையும் அளந்துவிடுவது அவள் வழக்கம், சிலர் பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளை எல்லாம் படிப்பதுபோல.

"என்ன டப்பா, கதவு நடிக்கப் போகுதா?" என்றார் கேமராமேன்.

"சும்மா சார். பாவம், அது மட்டும் ஏன் விட்டுப்போகணும்."

பெரியவர் வந்ததும் பட்டையை மேஜையருகே தரையில் கிடத்தினாள். மரத்தரையோடு அது கரைந்துபோயிற்று. அவரிடம் போய், மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்ததைச் சொன்னாள்.

"ஐயா, மேஜைகிட்ட ஒரு வயர் போகுது. தடுக்காம இருக்க மேல ஒரு துணிப்பட்டை போட்டிருக்கேன். கால்ல பட்டா பயந்துடாதீங்க. நீங்க நிக்க வேண்டிய இடமும் அதுதான்."

பெரியவர் அவள் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"வயரா?"

"ஆமாங்கய்யா."

"சரி. வயர் இருந்தா மூடித்தான் வைக்கணும்."

ஒத்திகையில் அவர் ஜன்னலில் இருந்து நடந்தார். செருப்பு முனை பட்டையில் பட்டது, நின்றார். தலை நிமிர்ந்தே இருந்தது. டப்பாவின் விரல் மேஜைக் கோட்டில் வந்து நின்றது. கேமராமேன் கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார், கட்டை விரலை மட்டும் கொஞ்சமாகத் தூக்கினார். டப்பா மிட்டாய் அறையைத் திறந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

டேக்குக்கு முன்னால் விளக்கு ஒன்றை மாற்ற வேண்டியிருந்தது. கதவில் கண்ணாடி பதித்திருந்தது. அதற்கு வெளியே மாலை வெயில் மாதிரி ஒரு விளக்கு வைத்தார்கள். போட்டதும் கதவின் அடி இடுக்கு வழியாக ஒரு வெளிச்சக் கோடு தரையில் பாய்ந்தது. எல்லோரும் மானிட்டரைச் சுற்றி நின்றார்கள், டப்பா பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தாள். ஆர்ட் அசிஸ்டெண்ட் தரையைக் கடைசியாக ஒரு தடவை துடைக்க வந்தார். நல்ல வேலைக்காரர். நடு அறையில் ஒரு மணல் பட்டை அநாதையாகக் கிடந்தது. கதவடியில் வெளிச்சம் ஒழுகிக்கொண்டிருந்தது. டப்பா இதற்காகத்தான் வீட்டிலிருந்து தைத்துக் கொண்டுவந்திருக்கிறாள், யாரோ தப்பான இடத்தில் போட்டுவிட்டார்கள் என்று அவருக்குப் பட்டது. எடுத்துப்போய் கதவடியில் வைத்தார். இடுக்கு கச்சிதமாக மூடிக்கொண்டது. திருப்தியோடு வெளியே போனார்.

"ரோலிங்" என்றார்கள். கிளாப் அடித்தது.

பெரியவர் ஜன்னலை விட்டுத் திரும்பினார், நடந்தார். கேமராவுக்கும் தரைக்கும் நடுவே மேஜை மறைத்தது, டப்பாவுக்கு அவர் இடுப்புக்குக் கீழே தெரியாது. விரல் கோட்டை நோக்கி நகர்ந்தது. மேஜைக் கோடு வந்தது.

பெரியவர் நிற்கவில்லை.

நடை கொஞ்சம் தயங்கியது, அவ்வளவுதான். நாற்காலியைத் தாண்டினார். கேமராமேன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேமராவை அவரோடு திருப்பினார். பட்டை இல்லை. யாரோ எடுத்துவிட்டார்கள். எங்கே போகிறார்? முன்னால் வெறும் தரை, அதற்கப்பால் கதவு.

கதவு.

பச்சைக் கோடு எங்கே இருக்கிறதென்று அவள் பார்க்கவில்லை, பார்க்க நேரம் இல்லை. விரல் தானாகப் போயிற்று. பெரியவர் மெதுவாகிக்கொண்டே போனார், அவளும் மெதுவானாள். அவர் செருப்பு எதிலோ பட்டது. நின்றார். சக்கரம் பச்சைக் கோட்டில் நின்றது.

கண்ணாடி வழியே வந்த வெளிச்சம் அவர் முகத்தில் பாதியில் விழுந்தது. கையைத் தூக்கிக் கதவின்மேல் வைத்தார், உறங்குகிற பிள்ளையின் முதுகில் வைப்பதுபோல. நாற்காலியிடம் சொல்ல வேண்டிய வசனத்தைக் கதவிடம் சொன்னார்.

"நீ போனதுல எனக்குக் கோபம் இல்லம்மா. கதவ அவ்வளவு வேகமாச் சாத்தியிருக்க வேண்டாம்."

டைரக்டர் கட் சொல்ல மறந்துவிட்டார். சவுண்டுக்காரர்தான் கடைசியில் இருமினார்.

டைரக்டர் மானிட்டரில் அதை ஓட்டிப் பார்த்தார். திரும்ப ஓட்டினார். கண்ணோரச் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிந்தது.

"ஷார்ப்" என்றார், யாரையோ குற்றம் சாட்டுவதுபோல. "ஜன்னல்லருந்து கதவு வரைக்கும் ஷார்ப். ஐயா, கதவுகிட்ட போகணும்னு யார் சொன்னா?"

டப்பா தரையைப் பார்த்தாள். கதவடியில் பழுப்புச் சால்வைத் துண்டு ஒன்றும் தெரியாததுபோல் படுத்திருந்தது.

"யாரும் சொல்லல" என்றார் பெரியவர். "கால் போச்சு. நானும் கூடப் போனேன்."

"நான் எழுதினப்ப எனக்கே தோணலையே" என்று டைரக்டர் தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு டப்பாவைப் பார்த்தார். மன்னிப்பு மாதிரி ஏதோ ஒன்று அவர் வாய்வரை வந்து, வழி தெரியாமல் திரும்பிப் போனது. "சரி, டீ குடிங்க எல்லாரும்" என்றார்.

கேமராமேன் கண்ணாடியைக் கழற்றவில்லை. "சாயங்காலம் இன்னொரு லென்ஸ் வருது. அதுக்கும் ஒரு மூடி வெட்டி வெச்சுக்க" என்றார் போகிற போக்கில்.

டீ நேரத்தில் டப்பா இரண்டு கிளாஸோடு பெரியவரிடம் போனாள். கிளாஸை அவர் விரலில் படும்படி கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு பக்கத்து நாற்காலியைத் தட்டினார், அவள் உட்கார்ந்தாள்.

"வயர் நடந்து போயிடுச்சு போலிருக்கு" என்றார்.

"ஐயா, மன்னிச்சுக்குங்க. யாரோ எடுத்து..."

"மேஜையத் தாண்டினதுமே தெரிஞ்சுபோச்சு. நின்னுடலாமான்னு நெனச்சேன்." டீயை ஊதினார். "அப்புறம், நீ வெச்சிருந்தா எங்கயாவது இருக்கத்தான் செய்யும்னு தோணுச்சு. நடந்தேன்."

டப்பா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அந்தக் காலத்துல விளக்கெல்லாம் அடுப்பு மாதிரி கொதிக்கும்" என்றார். "எல்லாரும் திட்டுவாங்க. எனக்கு அதான் மார்க். கன்னத்துல சூடு ஏறிக்கிட்டே வரும், சரியான இடத்துல மூக்குத் தண்டு சுடும், நின்னுடுவேன். கீழ குனிஞ்சு பாத்ததே இல்ல. இப்ப வர்ற விளக்கு எல்லாம் நிலா மாதிரி. பக்கத்துல போனாலும் தெரியல. கண்ணும் கூடவே போயிடுச்சு." கிளாஸைக் கைக்குள் சுற்றினார். "வீட்டுல பையனுக்கும் தெரியாது."

"என் வீட்டுல மூணு பேருக்குத் தெரியும்யா. எங்க அத்தை வாய மூடிட்டிருக்க ரொம்பக் கஷ்டப்படுறாங்க."

பெரியவர் சத்தமாகச் சிரித்தார். தூரத்தில் இருந்த ஆர்ட் அசிஸ்டெண்ட் திரும்பிப் பார்த்து, தன் வேலை எல்லோருக்கும் பிடித்துப்போன சந்தோஷத்தில் தானும் சிரித்துவைத்தார்.

சிரிப்பு அடங்கியதும் பெரியவர் அவள் பக்கம் சாய்ந்தார்.

"அதே மாதிரி இன்னொண்ணு தச்சுத் தருவீங்களா? வீட்டுல மாடிப்படி இறங்கற இடத்துல, கடைசிப் படி எதுன்னு தெரிய மாட்டேங்குது. ஒரு தடவை விழப் பாத்தேன்."

"தாராளமா தரேன்யா. என்ன நிறம் வேணும்?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"உனக்குப் பிடிச்ச நிறம்" என்றார் பெரியவர். "யார் பாக்கப் போறா?"

அன்று ராத்திரி சீட் கவர்காரன் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். டப்பா நடந்ததையெல்லாம் ஒரு தடவை சொல்லி முடித்து, அத்தை கேட்டுக்கொண்டதால் கதவில் கை வைத்த இடத்தை மட்டும் நடித்தும் காட்டியிருந்தாள். மணல் சலித்தாயிற்று. சால்வை மேஜைமேல் விரிந்து கிடந்தது. ஏற்கெனவே வெட்டிய ஓரத்துக்குப் பக்கத்தில் அவன் கத்தரியை வைத்தான்.

"அங்க வேண்டாம்" என்றாள் அத்தை. "அந்தப் பக்கம் நூல் நைஞ்சு போச்சு. அவர் வீட்டுக்குப் போறதில்ல? நடுவுல வெட்டு."

அவன் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நடுவில் வெட்டினான்.

டப்பா புது லென்ஸுக்கு வளையம் வெட்ட ஏதாவது கிடைக்குமா என்று அடுப்படியில் துழாவிக்கொண்டிருந்தாள். கிண்ணம், அட்டை, பாலிதீன் பை. கையை விரித்துக்கொண்டு திரும்பினாள். அடுப்பு மேடையில், சற்று முன்வரை காலியாக இருந்த இடத்தில், காபித்தூள் டப்பாவின் வெள்ளை மூடி கழுவித் துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

"காபித்தூள் நமுத்துப் போயிடுமே அத்தை" என்று கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"நமுத்தா நமுத்த காபி குடி" என்று அங்கிருந்து பதில் வந்தது.